சொன்னபடி கேட்கும் எடிட்டர்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் போன் செய்தபோது, "தொழில் வளர்ச்சியும் இளைஞர்களும்" என்ற மாதிரி ஏதாவது பேசுங்கள் என்றார். அதைப் பேச என்னைவிடத் தகுதியானவர்கள் மேடையிலேயே இருக்கிறார்கள். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் 1998-ல் வெளிவரத் தொடங்கியது. ஒரகடத்தில் ரெனோ நிஸ்ஸான் 2010-ல், டெய்ம்லர் லாரிகள் 2012-ல். அந்தக் கதையை நீங்கள் நூறு முறை கேட்டிருப்பீர்கள். நான் பேசப் போவது அவ்வளவு பெரிய விஷயம் இல்லை. ஒரு டெக்ஸ்ட் எடிட்டரைப் பற்றி. ஆமாம், நோட்பேட் மாதிரி, எழுத்தை அடித்துச் சேமித்து வைக்கிற ஒரு சாதனம். அதன் பெயர் ஈமேக்ஸ். சிரிக்கிறீர்கள், பரவாயில்லை. மெக்கானிக்கல் படித்துவிட்டு ஷாப் ஃப்ளோரில் காலம் தள்ளுகிற ஒருவனுக்கு எடிட்டரில் என்ன வேலை என்றுதானே?

நம் வேலையில் பாதி, எழுத்து வேலை. ஷிஃப்ட் லாக், பிரேக்டவுன் ரிப்போர்ட், ஆபரேட்டருக்கான வேலைக் குறிப்பு, சி.என்.சி. புரோகிராம், கஸ்டமர் புகாருக்குப் பதில். இதையெல்லாம் எதில் எழுதுகிறோம், எழுதியது பத்து வருஷம் கழித்துத் திறக்குமா என்று யாரும் கேட்பதில்லை.

நம்மில் மூத்தவர்கள் வேர்ட்ஸ்டாரில் கற்றுக் கொண்டவர்கள். கண்ட்ரோல் கே, டி என்றால் விரல் தானாகப் போகும். அந்த வேர்ட்ஸ்டார் ஃபைலை வேறு எதிலாவது திறந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், ஒவ்வொரு சொல்லின் கடைசி எழுத்தும் ஏதோ கிறுக்கலாக நிற்கும். தன் வசதிக்காக அந்த எழுத்தின் எட்டாவது பிட்டை அது எடுத்துக் கொண்டதால் வந்த வினை. தமிழுக்கு நேர்ந்தது இன்னும் மோசம். பாமினி, மயிலை, டிஸ்கி, டாப், டாம் என்று ஆளுக்கொரு எழுத்துருக் குறியீடு. ஒன்றில் அடித்ததை மற்றொன்றில் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கலந்த சாம்பார். ஒருங்குறி எனும் யூனிகோடின் முதல் பதிப்பு 1991-லேயே தமிழுக்கு இடம் கொடுத்துவிட்டது. ஆனால் தமிழக அரசு அதைத் தன் நியமமாக ஏற்க 2010 ஆயிற்று. இடைப்பட்ட வருஷங்களில் அடித்த கடிதங்களும் மலர்களும் எத்தனை பேருடைய பழைய சி.டி.யில் வாசிக்க முடியாமல் கிடக்கின்றனவோ!

நான் முன்பு வேலை பார்த்த ஒரு தொழிற்சாலை. பெயர் வேண்டாம். அங்கே பராமரிப்புப் பதிவுகள் எல்லாம் ஒரு விலையுயர்ந்த மென்பொருளில் இருந்தன. எந்த மெஷினில் எந்த பேரிங் எப்போது மாற்றியது, யார் மாற்றியது, எவ்வளவு நேரம் நின்றது எல்லாம் அதற்குள்தான். ஒரு வருஷம் நிர்வாகம் வேறு கம்பெனியின் மென்பொருளுக்கு மாறியது. பழையதன் லைசென்ஸைப் புதுப்பிக்கவில்லை. அவ்வளவுதான், எட்டு வருஷ வரலாறு பூட்டிய அறைக்குள் போய்விட்டது. தரவு சர்வரில் இருக்கிறது, கண்ணுக்கும் தெரிகிறது, ஆனால் திறக்கச் சாவி இல்லை. அடுத்த மழைக்காலத்தில் ஒரு லேத்தின் ஸ்பிண்டில் சூடேற ஆரம்பித்தது. இதற்கு முன் எப்போது இப்படி ஆயிற்று என்ற கேள்விக்கு அந்தக் கட்டடத்தில் பதில் சொல்ல முடிந்தவர் ஒரே ஒருவர்: ஓய்வு பெற நாலு மாதம் இருந்த ஒரு மூத்த ஃபிட்டர். அவர் சட்டைப் பையிலிருந்து எண்ணெய் படிந்த ஒரு நோட்டை எடுத்தார். அதில் எல்லாம் இருந்தது. தமிழில்.

"அண்ணே, இதை எப்போதிருந்து எழுதுறீங்க?" என்று கேட்டேன்.

"சேர்ந்த நாள்லருந்து சார். யாரும் கேக்கல, நானும் காட்டல" என்றார்.

அந்த நாலு மாதமும் மதிய இடைவேளையில் அவர் படிக்க, நான் தட்டச்சு செய்தேன். மூன்று நோட்டுகள். "பம்ப் முனகுச்சுன்னா பம்பைக் கழட்டாதே, மொதல்ல சக்‌ஷன் ஃபில்டரைப் பாரு" என்பது மாதிரியான வரிகள். கம்பெனியின் எந்த மேனுவலிலும் இப்படி ஒரு தமிழ் வரி கிடையாது. அவர் சொன்னதைச் சொன்ன வாக்கிலேயே ஒரு சாதாரண டெக்ஸ்ட் ஃபைலில் போட்டேன். மேலாளரிடம் சொல்லிவிட்டுத்தான் செய்தேன். அந்த ஃபைல் இன்றைக்கும் எந்தக் கணிப்பொறியிலும், எந்தச் செல்போனிலும் திறக்கும். லைசென்ஸ் கேட்காது. அதைத் தேடுவதற்கும் வகைப்படுத்துவதற்கும் நல்ல கருவி ஒன்று வேண்டும் என்று அலைந்தபோதுதான் ஈமேக்ஸுக்குள் ஒழுங்காக இறங்கினேன்.

இது இன்று நேற்று வந்ததல்ல. 1976-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. செயற்கை நுண்ணறிவுக் கூடத்தில் ரிச்சர்ட் ஸ்டால்மன், கை ஸ்டீல் முதலியோர் டெகோ என்ற பழைய எடிட்டருக்கு எழுதிய மேக்ரோக்களின் தொகுப்பாகப் பிறந்தது. பெயரே "எடிட்டர் மேக்ரோஸ்" என்பதன் சுருக்கம்தான். இப்போது நாம் பயன்படுத்தும் குனு ஈமேக்ஸை ஸ்டால்மன் 1985-ல் வெளியிட்டார். மூல நிரலையும் சேர்த்தே கொடுத்தார். யாரும் எடுக்கலாம், மாற்றலாம், மாற்றியதைப் பிறருக்கும் கொடுக்கலாம். தனக்கு மட்டும் என்று ரகசியமாகச் சொல்லித் தரப்பட்ட மந்திரத்தை, திருக்கோஷ்டியூர் கோபுரத்தில் ஏறி நின்று ஊருக்கே சொன்னார் ராமானுஜர் என்று ஒரு வரலாறு சொல்வார்கள். அவர் பிறந்த ஊரில் வேலை பார்க்கிற எனக்கு, ஸ்டால்மன் செய்ததை விளக்க வேறு உவமை தோன்றவில்லை.

அடியில் சி மொழியில் ஒரு சிறிய எஞ்சின். அதன் மேல் இருப்பதெல்லாம் லிஸ்ப் என்ற மொழியில் எழுதிய நிரல்கள். நீங்கள் ஒரு கீயை அமுக்கினால் ஒரு லிஸ்ப் கட்டளை ஓடுகிறது. அந்தக் கட்டளையை நீங்கள் மாற்றலாம், புதிதாக எழுதலாம், எடிட்டரை மூடாமலேயே அமலுக்குக் கொண்டு வரலாம். லேத் ஓடிக் கொண்டிருக்கும்போதே கியர் பாக்ஸை மாற்றுகிற மாதிரி!

"அதெல்லாம் கம்ப்யூட்டர் சயின்ஸ் பசங்களுக்கு, நமக்கு எதுக்கு?" என்று என் வகுப்புத் தோழன் ஒருவன் முன் வரிசையிலிருந்து முறைக்கிறான். அவனுக்காக ஒரு சம்பவம். 1978-ல் பெர்னார்ட் க்ரீன்பெர்க் என்பவர் மல்டிக்ஸ் என்ற பெரிய கணிப்பொறி அமைப்பில் ஓர் ஈமேக்ஸை லிஸ்ப் மொழியில் எழுதினார். அவருடைய அலுவலகத்துச் செயலர்கள், அதாவது கடிதம் தட்டச்சு செய்கிறவர்கள், அதைப் பயன்படுத்தத் தொடங்கினார்கள். அவர்களுக்குக் கொடுத்த கையேட்டில் எடிட்டரைத் தமக்கேற்ப நீட்டிக் கொள்வது எப்படி என்று இருந்தது. "இது புரோகிராமிங்" என்ற வார்த்தை மட்டும் இல்லை. அதனால் அவர்கள் பயப்படவில்லை. தமக்கு வேண்டிய கட்டளைகளைத் தாமே எழுதிக் கொண்டார்கள். ஸ்டால்மன் தன் உரையொன்றில் இதைச் சொல்லியிருக்கிறார். நம் ஊர் ஸ்டோர்ஸ் கிளார்க்குக்கும், டைம் ஆபீஸில் இருக்கும் தங்கைக்கும் இது முடியாது என்று யார் சொன்னது?

என் சொந்த உதாரணத்துக்கு வருகிறேன். எங்கள் பகுதியில் பெரும்பாலும் மூன்று ஷிஃப்ட். காலை ஆறு முதல் மதியம் இரண்டு ஏ, இரண்டு முதல் இரவு பத்து பி, பத்து முதல் மறுநாள் காலை ஆறு சி. இதில் ஒரு சிக்கல் உண்டு, ஷிஃப்டில் இருப்பவர்களுக்குத் தெரியும். பதினைந்தாம் தேதி விடியற்காலை இரண்டு மணிக்கு மெஷின் நின்றால், உற்பத்திக் கணக்கில் அது பதினான்காம் தேதி சி ஷிஃப்ட். எக்செலிலோ கடையில் வாங்கின மென்பொருளிலோ இன்றைய தேதியைக் கேட்டால் பதினைந்து என்றுதான் போடும். தூக்கக் கலக்கத்தில் ஆபரேட்டர் அதை அப்படியே விட்டுவிடுவார். மாதக் கடைசியில் கணக்கு உதைக்கும், தலையும் உருளும்.

ஈமேக்ஸில் இதற்கு ஒரு கட்டளை எழுதினேன். தர்க்கம் இவ்வளவுதான்: இப்போதைய நேரத்திலிருந்து ஆறு மணி நேரத்தைக் கழி. வருகிற தேதிதான் உற்பத்தித் தேதி. வருகிற மணியை எட்டால் வகு. ஈவு பூஜ்யம் என்றால் ஏ, ஒன்று என்றால் பி, இரண்டு என்றால் சி. விடியற்காலை இரண்டு மணியில் ஆறு போனால் முந்தின நாள் இரவு எட்டு, அதாவது இருபது. எட்டால் வகுத்தால் ஈவு இரண்டு, ஆகவே பதினான்காம் தேதி, சி ஷிஃப்ட். சரிதானே? இந்தக் கணக்கை எட்டாம் வகுப்புப் பையன் போடுவான். அதை எஃப்9 கீயில் கட்டி வைத்தேன். அமுக்கினால் தேதி, ஷிஃப்ட், "மெஷின் எண்", "என்ன நடந்தது", "என்ன செய்தோம்", "அடுத்த ஷிஃப்ட் பார்க்க வேண்டியது" என்ற தலைப்புகள் தமிழில் வந்து விழும். மொத்தம் பத்துப் பன்னிரண்டு வரி லிஸ்ப். இந்த வசதி வேண்டும் என்று எந்த மென்பொருள் நிறுவனத்திடமாவது கேட்டிருந்தால் முதலில் கொட்டேஷன் வந்திருக்கும்.

சி.என்.சி. பக்கம் இருப்பவர்களுக்கு இன்னொன்று சொல்கிறேன். ஜி-கோட் புரோகிராம் என்பது வெறும் டெக்ஸ்ட்தான். நம்மில் பலர் அதைக் கன்ட்ரோலரின் சின்னத் திரையில் ஒவ்வொரு எழுத்தாகத் திருத்துகிறோம், அல்லது நோட்பேடில். இன்சர்ட் மாறிவிட்டது, ஃபீடை 0.25-லிருந்து 0.18 ஆக்க வேண்டும், நாற்பது புரோகிராம்கள் இருக்கின்றன என்று வைத்துக் கொள்ளுங்கள். கண்ணை மூடிக் கொண்டு எல்லாவற்றையும் மாற்றக் கூடாது, ரஃபிங்கில் இருக்கும் 0.25 அப்படியே இருக்க வேண்டும். ஈமேக்ஸில் டைரெட் என்றொரு பட்டியல் உண்டு. அதில் நாற்பது ஃபைல்களையும் குறியிட்டு, தேடி மாற்று என்றால், ஒவ்வோர் இடமாக நிறுத்தி, முன்பின் வரிகளைக் காட்டி, மாற்றட்டுமா என்று கேட்கும். ஒய் என்றால் மாற்றும், என் என்றால் தாண்டிப் போகும். ஒரு டீ குடிக்கிற நேரத்தில் முடிந்துவிடும். முடிவு எடுப்பது நீங்கள். கை வலி மட்டும் அதற்கு.

வரி எண்களைப் புதிதாகப் போட வேண்டுமா? எஃப்3 அமுக்கிவிட்டு ஒரு வரியில் செய்ய வேண்டியதைக் கையால் செய்து காட்டுங்கள், எஃப்4 அமுக்கி நிறுத்துங்கள். அதற்குப் பிறகு எஃப்4 அமுக்கும்போதெல்லாம் அடுத்த வரியில் அதையே செய்யும். அதற்குள் எண்ணிக்கை ஏறும் ஒரு கவுன்ட்டரும் உண்டு. அப்ரென்டிஸ் பையனுக்கு ஒரு முறை செய்து காட்டிவிட்டு மீதியை அவனிடம் விடுகிறோமே, அதே வித்தைதான். ஆனால் இந்தப் பையன் சலித்துக் கொள்ள மாட்டான்.

இனி தமிழ். ஈமேக்ஸுக்குள் பல மொழிகளைக் கொண்டு வந்தது ஜப்பானில் நடந்த வேலை. ஹண்டா கெனிச்சி என்பவரும் அவர் சகாக்களும் சுக்குபா நகரத்து ஆய்வுக்கூடத்தில் உருவாக்கிய மியூல் என்ற விரிவாக்கம் 1997-ல் ஈமேக்ஸ் 20-ஆம் பதிப்பில் சேர்ந்தது. 2007-ல் வந்த 22-ஆம் பதிப்பில் தமிழ் வந்தது. அந்தத் தமிழ் நிரலை எழுதியவரும் கவபாட்டா தைச்சி என்ற ஜப்பானியர்தான். நம் கொம்பையும் காலையும் புள்ளியையும் சரியான இடத்தில் உட்கார வைக்க ஒரு ஜப்பானியர் மெனக்கெட்டிருக்கிறார் என்று நினைக்கும்போது எனக்குக் கொஞ்சம் நெகிழ்ச்சியாகவும் கொஞ்சம் வெட்கமாகவும் இருக்கும். 2020-ல் வந்த 27-ஆம் பதிப்பிலிருந்து ஹார்ஃப்பஸ் என்ற எழுத்துருவாக்க நூலகம் சேர்ந்தபின் திரையில் தமிழ் அழகாகவே தெரிகிறது.

கண்ட்ரோலோடு பின்சாய்கோட்டை அமுக்கினால் தமிழ், மீண்டும் அமுக்கினால் ஆங்கிலம். அம்மா என்று ஒலிப்படி அடிக்கிற ஐடிரான்ஸ் முறையும் உண்டு, இன்ஸ்கிரிப்டும் உண்டு. தமிழ்99 பழகியவர்கள் கணிப்பொறியின் சொந்த விசைப்பலகை வழியாகவே அடித்துக் கொள்ளலாம். பேக்ஸ்பேஸ் அமுக்கினால் 'கி'-யில் மேல்விலங்கு மட்டும் போகும், 'க' நிற்கும். முதலில் எரிச்சலாக இருக்கும், பழகினால் அதுவே வசதி. ஒரே ஃபைலில் ஜி-கோட் ஆங்கிலத்திலும் விளக்கம் தமிழிலும் இருக்கலாம். கண்ட்ரோல் எச், பிறகு எச் அமுக்கிப் பாருங்கள். உலக மொழிகளில் எல்லாம் வணக்கம் சொல்லும் ஒரு பக்கம் திறக்கும். அதில் நம் "வணக்கம்" இருக்கிறது.

இப்போது சொல்லப் போவதுதான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. டி. வி. ராமன் என்று ஒரு கணிப்பொறி விஞ்ஞானி. 1965-ல் புணேயில் பிறந்தவர். பிறவியிலேயே பார்வை குறைவு. க்ளாக்கோமா காரணமாகப் பதினான்கு வயதில் முழுவதும் போய்விட்டது. அவர் நிற்கவில்லை. புணே வாடியா கல்லூரியில் கணிதம், பம்பாய் ஐ.ஐ.டி.யில் கணிப்பொறியியல், அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் 1994-ல் முனைவர் பட்டம். கணிதச் சமன்பாடுகளைக் காதுக்குப் புரியும்படி வாசித்துக் காட்டும் அமைப்புதான் அவருடைய ஆய்வு. அதற்கு ஆஸ்டர் என்று பெயர் வைத்தார். அவரை வழிநடத்திய நாயின் பெயரும் அதுதான்.

டிஜிட்டல் நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தபின் அவர் தன் அன்றாட உபயோகத்துக்கு எழுதி 1995-ல் உலகத்துக்குக் கொடுத்தது ஈமேக்ஸ்பீக். அதாவது, பேசும் ஈமேக்ஸ். கடிதம் படிப்பது, எழுதுவது, நிரல் எழுதுவது, நாள்காட்டி பார்ப்பது எல்லாம் அதற்குள்ளேயே, காதால். பிறகு அடோபி, ஐ.பி.எம்., கூகுள் என்று போனார். போகிற இடமெல்லாம் அதுதான் அவருடைய மேசை.

இதில் எஞ்சினியர்கள் கவனிக்க வேண்டியது, அவர் அதைச் செய்த விதம். அப்போதிருந்த திரைவாசிப்பான்கள் திரையில் தெரியும் எழுத்தை அப்படியே ஒப்பிக்கும். எது தலைப்பு, எது தேதி, எது பிழை என்று அவற்றுக்குத் தெரியாது. நாள்காட்டியில் ஒரு கட்டத்துக்குப் போனால் "பதினைந்து" என்று மட்டும் சொல்லும். எந்த மாதம், என்ன கிழமை? ராமன் திரையைப் படிக்கவில்லை; எடிட்டருக்குள்ளேயே போய்விட்டார். ஈமேக்ஸ் லிஸ்ப்பில் "அட்வைஸ்" என்று ஒரு வசதி இருக்கிறது. ஏற்கெனவே இருக்கும் ஒரு கட்டளையின் நிரலில் கை வைக்காமல், "நீ உன் வேலையை முடித்ததும் இதையும் செய்" என்று பக்கத்தில் ஒன்றை ஒட்டிவிடலாம். அடுத்த வரிக்குப் போகும் கட்டளையோடு "போன வரியைப் பேசு" என்று ஒட்டினார். நாள்காட்டிக் கட்டளையோடு "முழுத் தேதியையும் கிழமையையும் சொல்" என்று ஒட்டினார். நிரலில் குறிப்புரை ஒரு குரலிலும் கட்டளைகள் வேறு குரலிலும் வரும்படி செய்தார். ஃபைலைச் சேமித்தால் ஒரு சின்ன ஓசை, மூடினால் வேறோர் ஓசை. ஓடுகிற மெஷினை நிறுத்தாமல் வெளியே ஒரு சென்சார் பொருத்துகிறோமே, அந்த மாதிரி என்று வைத்துக் கொள்ளுங்களேன்.

யோசித்துப் பாருங்கள். எடிட்டரை எழுதியவர்கள் பார்வையற்றவர்களை நினைத்து எழுதவில்லை. அவர்களிடம் போய் மனுக் கொடுத்துக் காத்திருந்தால் எத்தனை வருஷம் ஆகியிருக்கும்? உள்ளே திறந்து வைத்திருந்ததால், தேவைப்பட்டவரே தேவைப்பட்டதைச் செய்து கொண்டார். அவருக்குப் பின் உலகெங்கும் பார்வையற்ற பலர் அதில் வேலை செய்கிறார்கள். இஸ்பீக் என்ற இலவசக் குரல் நிரல் தமிழையும் படிக்கும். குரல் கொஞ்சம் இயந்திரத்தனம்தான், ஆனால் புரியும். நம் கல்லூரியிலோ உங்கள் கம்பெனியிலோ பார்வைக் குறைபாடு உள்ள பிள்ளைகள் இருந்தால் இதைத் தயவு செய்து சொல்லுங்கள்.

வீட்டு உபயோகமும் ஒன்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் என் மனைவி கோபித்துக் கொள்வார். ஈமேக்ஸ் நாள்காட்டியில் கேப்பிடல் எம் அமுக்கினால் அமாவாசை பௌர்ணமிகள் மணி நிமிடத்தோடு வரும். கேப்பிடல் எஸ் அமுக்கினால் சூரிய உதயம், அஸ்தமனம். ஊரின் அட்சரேகை தீர்க்கரேகையைக் கொடுத்து வைத்திருக்க வேண்டும், ஸ்ரீபெரும்புதூருக்கு ஏறக்குறைய 12.97, 79.95. மாமியார் திருவண்ணாமலை கிரிவலத்துக்குப் புறப்படும் முன் என்னைத்தான் கேட்பார். ஒன்று கவனம்: அது காட்டுவது சந்திரன் முழுமையடையும் அந்தக் கணம். நம் பஞ்சாங்கக் கணக்கில் அந்தக் கணத்தோடு பௌர்ணமி திதி முடிந்துவிடுகிறது. ஆகவே அதற்கு முன்னால் சுற்றி முடிக்க வேண்டும். திருக்கணிதப் பஞ்சாங்கத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள், ஒத்துப் போகும்.

குறிப்பு எழுத, வேலைப் பட்டியல் போட, ஆர்க் மோட் என்று ஒரு பகுதி இருக்கிறது. கார்ஸ்டன் டொமினிக் என்ற வானியலாளர் 2003-ல் தொடங்கியது. நட்சத்திரக் குறி போட்டால் தலைப்பு, அவ்வளவுதான். இந்த உரையையும் அதில்தான் எழுதினேன்.

குறைகளையும் சொல்ல வேண்டும். பழக இரண்டு வாரம் ஆகும். கண்ட்ரோல் கீயை ஓயாமல் அமுக்கிச் சுண்டுவிரல் வலிக்கும். கேப்ஸ் லாக்கைக் கண்ட்ரோலாக மாற்றிக் கொள்ளுங்கள், அந்தக் கேப்ஸ் லாக்கால் யாருக்கு என்ன பிரயோஜனம்? அடுத்தது, இதில் ஒரு போதை உண்டு. எடிட்டரை அலங்கரிப்பதிலேயே ராத்திரி போய்விடும். பொங்கல் வைக்காமல் பானைக்குக் கோலம் போட்டுக் கொண்டே இருக்கிற கதை. வி.எஸ். கோட் பிடித்திருந்தால் அதையே வைத்துக் கொள்ளுங்கள், அதையும் உங்களுக்கேற்ப மாற்றலாம். விம் பழகியவர்களிடம் நான் வாதாடுவதே இல்லை, அவர்கள் விரல் வேறு உலகத்தில் இருக்கிறது. எக்செலில்தான் ரிப்போர்ட் வேண்டும் என்று கஸ்டமர் சொன்னால் எக்செலில்தான் கொடுக்க வேண்டும்.

மாணவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. தொழிற்சாலைக் கணிப்பொறியில் எதையும் ஐ.டி. பிரிவின் அனுமதியில்லாமல் ஏற்றாதீர்கள். பென் டிரைவை வாசலிலேயே வாங்கி வைத்துக் கொள்வதற்குக் காரணம் இருக்கிறது. டிராயிங், புரோகிராம், கஸ்டமர் விவரம் கம்பெனியின் சொத்து, ஒரு வரி கூட வீட்டுக்கு வரக் கூடாது. ஆனால் நீங்கள் கற்றுக் கொண்டது உங்கள் சொத்து. ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா தொழிற்சாலை 2006-ல் தொடங்கி, 2014 நவம்பரில் மூடியது. ஆயிரக்கணக்கான இளைஞர்கள், அதிலும் பெண் பிள்ளைகள், வேறு வேலை தேட வேண்டி வந்தது. ஆலை எதுவானாலும், கேட் பாஸைத் திருப்பிக் கொடுக்கிற அன்றே லாகினும் மூடிவிடும். அடுத்த இன்டர்வியூவில் "என்ன தெரியும்?" என்று கேட்டால் நினைவிலிருந்துதான் சொல்ல வேண்டும். ஒப்பந்தத்தில், அப்ரென்டிஸாக, வருஷத்துக்கு ஓர் இடமாக மாறுகிற பிள்ளைகளுக்கு இது இன்னும் அதிகம். தினம் இரவு ஹாஸ்டலிலோ வாடகை அறையிலோ, இன்று என்ன கற்றேன் என்று ஐந்து வரி, உங்கள் வார்த்தையில், தமிழிலேயே, ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் எழுதுங்கள். லேப்டாப் இல்லை என்றால் கவலை வேண்டாம். 2025 பிப்ரவரியில் வந்த ஈமேக்ஸ் 30-ஆம் பதிப்பிலிருந்து ஆண்ட்ராய்டு போனிலும் அது அதிகாரபூர்வமாகவே ஓடுகிறது. போனில் சின்னக் கீபோர்டு ஒன்று இணைத்தால் போதும்.

எப்படி ஆரம்பிப்பது? நிறுவிவிட்டு, கண்ட்ரோல் எச், பிறகு டி. ஒரு பயிற்சிப் பாடம் திறக்கும். படிக்கப் படிக்க, அந்தப் பக்கத்திலேயே செய்து பார்க்கலாம். எந்தக் கீ என்ன செய்யும் என்ற சந்தேகம் வந்தால் கண்ட்ரோல் எச், கே, பிறகு அந்தக் கீ. அதன் விளக்கத்தைக் காட்டும். நம் அமைப்பில் ஒரு வாத்தியார் உள்ளேயே உட்கார்ந்திருக்கிறார்.

அந்த வாத்தியார் ஜப்பானிய மொழியில் பேசுவார், கொரிய மொழியில் பேசுவார், தாய்லாந்து மொழியிலும் பேசுவார். தமிழில் பேச மாட்டார். ஆயிரத்துச் சொச்சம் வரிகள், அவ்வளவுதான் வேலை. கர்சரை நகர்த்தும் பகுதி வரை நான் தமிழில் எழுதி வைத்திருக்கிறேன். வெட்டுவது, ஒட்டுவது, தேடுவது, ஜன்னல்களைப் பிரிப்பது என்று மீதி அப்படியே கிடக்கிறது. "பஃபர்" என்பதற்கு என்ன சொல் போடுவது என்று எனக்கு இன்னும் தீரவில்லை. தமிழ்த் துறைப் பேராசிரியர் யாராவது கை கொடுத்தால் நல்லது. பங்களிப்பவர்கள் உரிமை குறித்த ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டியிருக்கும், அதையும் நான் பார்த்துச் சொல்கிறேன். ஆளுக்கு நூறு வரி என்று பத்துப் பேர் எடுத்துக் கொண்டால் பொங்கலுக்குள் முடித்துவிடலாம். சாப்பாடு முடிந்ததும் நூலக வராந்தாவில் லேப்டாப்போடு இருப்பேன். விருப்பமுள்ளவர்கள் வாருங்கள்.